பழைய பாடசாலைக்குப் புதுக் கட்டடம்

ஓர் ஊரின் ஆரம்பப் பாடசாலைக் கட்டடம் ஒரே நாளில் முதுமையடைந்து விடுவதில்லை. முதலில் ஓடு ஒன்று விலகும். அடுத்த மாரியில் அவ்வழியே இறங்கிய நீர் சலாகையை நனைக்கும். நனைந்த சலாகையைக் கறையான் நாடும். சுவரில் ஓடிய சிறு வெடிப்பைச் சுண்ணாம்பு பூசி மறைப்பர். ஆண்டு திரும்புமுன் அது மீண்டும் தோன்றும். மழை பெய்யும் நாளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நான்காம் வகுப்பின் ஓரத்தில் ஒதுங்கியிருப்பர். இவையெல்லாம் பழகிப் போன பின்னர், அக்கட்டடம் ஆபத்தானது என்னும் எண்ணமே எவருக்கும் எழுவதில்லை. கண்ணுக்குப் பழகிய குறை, குறையாகத் தோன்றுவதில்லையன்றோ?

பழக்கத்தின் விலை சில வேளைகளில் மிகப் பெரிதாகி விடுகின்றது. 2021ஆம் ஆண்டு டிசெம்பரில் தமிழ்நாட்டின் திருநெல்வேலியிலே பாடசாலை ஒன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து வீழ்ந்தது. மாணவர் மூவர் மாண்டனர். 2023ஆம் ஆண்டு நவம்பரில் கொழும்பையடுத்த வெல்லம்பிட்டியிலே, பாடசாலை ஒன்றின் குடிநீர்க் குழாயருகே இருந்த கொங்கிறீற்றுக் கட்டு சரிந்து, 6 வயதுச் சிறுமி ஒருத்தியின் உயிரைக் கொண்டது. இரண்டு இடங்களிலும் வீழ்ந்தது வகுப்பறை அன்று. கட்டடம் என்று எவரும் கணக்கில் எடாத சிறு சுவர்கள். பாடசாலையைப் புதுப்பிக்க எண்ணுவோர் வளவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பார்த்தல் வேண்டும் என்பதற்கு இவற்றினும் துயரமான சான்று வேண்டியதில்லை.

‘வீட்டைக் கட்டிப் பார்; கலியாணத்தைச் செய்து பார்’ என்பது பழமொழி. குடியிருக்கும் வீட்டைப் பிரித்துக்கொண்டே புது வீடு கட்டுவது அதனினும் அரிது. பாடசாலைக்குப் புதுக் கட்டடம் அமைப்பது இத்தகையதொரு வேலையேயாகும். நன்கு கட்டப்பட்ட கட்டடம் 60 ஆண்டு நிற்கும் என்று வைத்துக்கொள்வோமாயின், வேலை 3 ஆண்டு இழுபட்டாலும் அது கட்டடத்தின் ஆயுளில் இருபதில் ஒரு பங்கேயாகும். ஆனால், 1ஆம் தரத்திலிருந்து 5ஆம் தரம்வரை பிள்ளை பெறும் ஆரம்பக் கல்வி 5 ஆண்டுகளே. அதே 3 ஆண்டு, பிள்ளையின் கணக்கில் ஐந்தில் மூன்று பங்கு. எழுத்தறியும் பருவம் ஒருவனுக்கு இருமுறை வாய்ப்பதில்லை. ஆதலின், திட்டமிடுவோர் கையிற் கொள்ளவேண்டிய அளவுகோல் கட்டடத்தின் ஆயுள் அன்று, பிள்ளையின் ஐந்தாண்டேயாகும்.

இன்று முதுமையுற்று நிற்கும் கட்டடங்கள் எவ்வாறு தோன்றின என்பதையும் சிறிது நோக்குதல் தகும். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்து தெல்லிப்பழையிலே பணி தொடங்கினர். 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பின்னர் மிஷன் சபைகளும் சைவ வித்தியா விருத்திச் சங்கமும் ஊர்ப் பெரியோரும் ஊர்தோறும் பள்ளிகளை எழுப்பினர். ஒருவர் காணி கொடுத்தார். ஒருவர் பனை மரம் கொடுத்தார். ஊரவர் கல்லும் மண்ணும் சுமந்தனர். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி மந்திரியாக இருந்த காலத்தில், 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகளின் தொகை பெருகியது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் மூலம் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசாங்கத்தின் பொறுப்பாயின. இவ்வரலாற்றினாலே சில பாடசாலைகளின் காணி உறுதி எவர் பெயரில் இருக்கின்றது என்பதே தெளிவின்றிக் கிடக்கும். கட்டட வரைபடத்தை விரிக்குமுன் உறுதியையும் நில அளவை வரைபடத்தையும் விரித்துப் பார்ப்பது, பின்னர் வரும் வழக்கைத் தவிர்க்கும் வழியாகும்.

அடுத்தது, கட்டடத்தைப் பரிசோதித்தல். வெடிப்புகள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. பூச்சிலே மயிரிழைபோல ஓடுவது அழகைக் கெடுக்குமேயன்றி உயிருக்கு ஊறு செய்யாது. யன்னல் மூலையிலிருந்து படிபடியாகச் சரிந்தேறும் வெடிப்போ, அத்திவாரம் ஒருபுறம் இறங்குவதற்கு அறிகுறி. அது நின்றுவிட்டதா, இன்னும் வளர்கின்றதா என்பதை அறிய எளிய உபாயம் ஒன்றுண்டு. வெடிப்புக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்தினால் ஒட்டி, அருகிலே திகதியை எழுதிவிடுவர். மாரியும் கோடையும் கழிந்தபின் கண்ணாடி முழுமையாக இருந்தால் சுவர் அசையவில்லை. உடைந்திருந்தால், சுவர் தானே சாட்சி சொல்லிவிட்டது என்று கொள்ளலாம்.

கடலோர ஊர்களிலே கொங்கிறீற்றுக் கட்டடங்களுக்கு வேறொரு நோயுண்டு. உப்புக் காற்றும், கழுவாத கடல் மணலும் கொங்கிறீற்றினுள் இருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு, தான் தின்ற இரும்பினும் பன்மடங்கு இடத்தை அடைப்பது. அவ்வாறு பருத்த கம்பி கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளந்து வெளியே தள்ளும். தூணிலே செந்நிறக் கறை தோன்றி, தட்டினால் பொள்ளென்ற ஓசை எழுமாயின், மேலே பூச்சுப் பூசுவதால் யாதொரு பயனும் இல்லை. பழுதுபார்க்கும் செலவு புதுக் கட்டடச் செலவில் பாதியைக் கடக்குமாயின் புதியதே தக்கது என்பது பலர் கைக்கொள்ளும் கணக்கு. எனினும், அத்தீர்ப்பு பொறியியலாளருடையதாக, எழுத்திலே அமைந்ததாக இருத்தல் வேண்டும். ஓர் அறை ஆபத்தானது என்று அவர் எழுதிய நாளிலேயே அவ்வறை பூட்டப்படல் வேண்டும். பணம் வரும்வரை பிள்ளைகள் அங்கேயே இருக்கட்டும் என்பது திட்டமன்று.

இனி, புதுக் கட்டடம் எத்தனை பிள்ளைகளுக்கு என்பதைக் கணக்கிடல் வேண்டும். இன்றைய வரவுப் பதிவேடு மாத்திரம் இதற்குப் போதாது. சனவரி 31ஆம் திகதிக்குள் 5 வயது நிறைந்த பிள்ளையே 1ஆம் தரத்திற் சேர்க்கப்படுகின்றது. ஆதலின், கிராம அலுவலர் பிரிவிலே இவ்வாண்டு பிறந்த குழந்தைகளின் தொகையை அறிந்தால், ஐந்தாறு ஆண்டுகளின் பின் வகுப்புக்கு வருவோரின் தொகையை ஒருவாறு மதிப்பிடலாம். ஊர்விட்டுப் போகும் குடும்பங்களையும், மீளக் குடியேறும் குடும்பங்களையும் இக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும். இன்னொன்றும் கருதத்தக்கது. கட்டடம் சிதைவதைக் கண்ட பெற்றோர் பிள்ளைகளைப் பட்டினப் பாடசாலைக்கு அனுப்பத் தொடங்குவர், தொகை குறையும், தொகை குறைந்த பாடசாலைக்குக் கட்டடம் எதற்கு என்ற வினா எழும். ஒழுகும் கூரை இவ்வாறு ஓர் ஊர்ப் பள்ளியையே மூடச் செய்தல் கூடும். வண்டிவாகன வசதியற்ற ஏழைப் பிள்ளைகளே அப்போது எஞ்சி நிற்பவர்.

பிள்ளைகளை எண்ணிய பின்னரே நிலத்தை நோக்குதல் முறை. இந்நாட்டிலே கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்குமாயின், காலை வெயிலும் மாலை வெயிலும் வகுப்பறையினுள் நேரே புகமாட்டா. சோளகக் காற்றும் வாடைக் காற்றும் தாராளமாக ஊடுருவும். மேற்கு நோக்கிய யன்னலருகே பிற்பகலில் இருந்து படித்தவர் எவரும் இதன் அருமையை அறிவர். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் பூமியிலே மலக்குழியின் நீர் கல்லிடுக்குகளின் வழியே கிணற்றைச் சேர்வது எளிது. எனவே, கிணறும் மலசலகூடமும் வளவின் எதிரெதிர் மூலைகளில் அமைவது நன்று. கிழக்குக் கரையிலே 1978ஆம் ஆண்டு நவம்பர்ச் சூறாவளியும், 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையும் கற்பித்த பாடங்கள் உண்டு. காற்றுக்குக் கட்டிப் பிணித்த கூரையும், மக்கள் விரைந்து மேட்டுநிலம் சேரும் பாதையும் அங்கு இன்றியமையாதன. மலையகத்திலே 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து தோட்டக் குடியிருப்புகளை மூடியதை எவரும் மறந்திலர். அத்தகைய சரிவுகளிலே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையின்றி ஒரு கல்லும் வைத்தல் ஆகாது.

வகுப்பறையின் அமைப்பு அடுத்துக் கருதற்பாலது. 100 அடி நீளமும் 20 அடி அகலமுமான ஒரே மண்டபம், அதிலே தட்டிகளால் பிரிக்கப்பட்ட 5 வகுப்புகள் என்பது நம் ஊர்களில் நெடுங்காலமாகப் பழகிய அமைப்பு. ஒரு வகுப்புக்கு 400 சதுர அடி. 35 பிள்ளைகள் இருப்பின் ஒரு பிள்ளைக்கு 11 சதுர அடிக்குச் சற்று மேல். வாங்கிலே வரிசையாக அமர்ந்து எழுதும் கல்விக்கு இது ஒருவாறு போதியதாயிற்று. ஆனால், 1998இல் கம்பகா மாவட்டத்திலும் 1999இல் நாடெங்கும் தொடங்கப்பட்ட ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், சிறு வகுப்புகளிலே வழிகாட்டலுடன் கூடிய விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் முதலிடம் தந்தது. தரையில் வட்டமாக அமரவும், எழுந்து ஆடவும், செய்த பொருளை வைக்கவும் இடமில்லாத அறையில் அம்முறை ஏட்டளவிலேயே நின்றுவிடும். அன்றியும், ஒரு வகுப்பு பாட்டுப் பாட, அடுத்த வகுப்பு வாய்பாடு சொல்ல, அதற்கடுத்த வகுப்பில் எழுத்தோசையைப் பிரித்தறிய முயலும் பிள்ளையின் நிலை இரங்கத்தக்கது. புதுக் கட்டடத்திலே செலவைக் குறைக்க வேண்டுமாயின் முகப்பு வளைவைக் குறைக்கலாம். வகுப்புகளுக்கிடையே நிற்கும் முழுச் சுவரைக் குறைத்தல் கூடாது.

யன்னல்களின் பரப்பு தரைப் பரப்பில் ஏழில் ஒரு பங்குக்குக் குறையலாகாது என்பது கட்டட விதிகளிற் காணப்படும் கணக்கு; பாடசாலைக்கு அதனினும் கூடுதல் நன்று. கரும்பலகையின் கீழ்விளிம்பு, குழாய், யன்னற்கட்டு, கதவின் தாழ்ப்பாள் ஆகிய யாவும் 6 வயதுப் பிள்ளையின் உயரத்துக்கு அமைதல் வேண்டும். மலசலகூடம் இருண்டும் தொலைவிலும் இருப்பின் சிறு பிள்ளை நாள் முழுவதும் அங்கே போகாது அடக்கியிருக்கும். இதனால் வரும் நோயைப் பாடசாலை அறியாது, தாய் அறிவாள். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்குச் சாய்தளம் வேண்டும். ஓரடி உயர்வதற்குப் பன்னிரண்டடி நீளம் என்பது அதன் அளவு. 2 அடி உயர அத்திவாரத்துக்கு 24 அடி நீளமான சாய்தளம் தேவை. வரைபடத்திலேயே அதற்கு இடம் ஒதுக்காவிடில், பின்னர் செங்குத்தான சரிவு ஒன்றைக் கட்டி, ஒருவரும் ஏறமுடியாத நிலையில் விட்டுவிட நேரும்.

இவையெல்லாம் பெரும்பாலும் பேசப்படுவன. பேசப்படாது விடப்படுவது, வேலை நடக்கும் காலத்தில் பிள்ளைகள் எங்கே இருப்பர் என்பது. வளவில் இடமிருப்பின், பழையதை விட்டுவைத்துப் புதியதை வேறோர் ஓரத்தில் எழுப்பி, குடிபுகுந்த பின் பழையதை அகற்றுவதே சிறந்த வழி. இடமில்லையேல், கோயில் மடம், தேவாலய மண்டபம், வாசிகசாலை, அயற் பாடசாலையின் பிற்பகல் நேரம் ஆகியவற்றை முன்கூட்டியே எழுத்து மூலம் ஒழுங்கு செய்தல் வேண்டும். தற்காலிகக் கொட்டகையே கதியென்றால், அதில் எவ்வகுப்பை வைப்பது என்ற கேள்வி எழும். புலமைப்பரிசிற் பரீட்சையை முன்னிட்டு நல்ல அறையை 5ஆம் தரத்துக்கு ஒதுக்கி, சின்னஞ்சிறார்களைத் தகரத்தின் கீழ் இருத்துவதே வழக்கம். பெற்றோரின் கவலை நியாயமானது. ஆயினும், 1ஆம் தரத்துப் பிள்ளை எழுத்தின் ஓசையைக் காதாற் கேட்டே கற்கின்றது. தகரத்தின் மேல் மழை விழும் ஓசையிலே ஆசிரியையின் குரல் அதற்கு எட்டாது. வாசிக்கத் தெரிந்த பிள்ளை இடையூற்றை ஓரளவு தாங்கும். வாசிக்கக் கற்கும் பிள்ளை தாங்காது. எஞ்சியிருக்கும் நல்ல அறை இளையோருக்கு உரியது.

கொட்டகைக்குக் கிடுகு வேய்ந்தால் வெம்மை தணியும். ஆனால் தீயின் அபாயம் கூடும். 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் திகதி தமிழ்நாட்டின் கும்பகோணத்திலே பாடசாலைச் சமையற் கூடத்தில் எழுந்த நெருப்பு ஓலைக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. மதிய உணவு சமைக்கும் இடம் கொட்டகையினின்று நன்கு விலகியிருப்பதும், ஒவ்வொரு கொட்டகைக்கும் எதிரெதிரே இரு வாயில்கள் இருப்பதும், தப்பிச் செல்லும் பாதையிலே உடைந்த மேசை கதிரைகளைக் குவித்து வைக்காதிருப்பதும் பெருஞ் செலவு வேண்டாத காவல்கள்.

பணமும் மழையும் ஒத்துப் போகாமை இன்னொரு தொல்லை. அரசாங்க நிதியாண்டு சனவரியில் தொடங்கி டிசெம்பரில் முடிகின்றது. செலவாகாத ஒதுக்கீடு ஆண்டு முடிவோடு கழிந்துவிடும். வடக்கிலும் கிழக்கிலும் பெருமழை ஒக்டோபரிலிருந்து டிசெம்பர் வரை பெய்யும். பணம் ஒதுக்கப்பட்ட பின்னரே மண்ணைச் சோதித்து, வரைபடம் எழுதி, மதிப்பீடு செய்து, கேள்விப்பத்திரம் கோரத் தொடங்கினால், ஒப்பந்தக்காரர் அத்திவாரம் வெட்டும் வேளையிலே வானம் இருண்டுவிடும். வெட்டிய குழி குளமாகும். பழைய கூரையோ முன்னரே இறக்கப்பட்டிருக்கும். ஆதலின், காகித வேலைகள் யாவும் முந்திய மாரிக்குள் முடிந்து, வலயக் கல்விப் பணிமனையில் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். சனவரியில் அத்திவாரம், செப்டெம்பருக்குள் கூரை என்பது வடக்குக் கிழக்குப் பாடசாலைக்கு ஏற்ற பஞ்சாங்கம். கட்டுப்பணத்தில் ஒரு பங்கைக் குறித்த காலம்வரை நிறுத்திவைப்பது ஒப்பந்த வழக்கம். அக்காலத்துள் ஒரு மாரியேனும் அடங்குமாறு பார்த்துக்கொள்ளின், ஒழுக்கை மழையே காட்டிக்கொடுத்துவிடும்.

பழையதை இடிப்பது தவணை விடுமுறையில் நடைபெறல் வேண்டும். கூரை அஸ்பெஸ்ரஸ் தகடாயின் கூடுதற் கவனம் தேவை. அத்தகட்டை உடைத்தால் எழும் நுண்ணிய நார்த்தூள் நுரையீரலிற் படிந்து, பல்லாண்டு கழித்துக் கொடிய நோயை விளைக்கும். நீர் தெளித்து நனைத்து, முழுத் தகடாகவே கழற்றி இறக்குதல் வேண்டும். அதே தகடுகளைக் கொட்டகைக்கு மறுபடியும் போடுதல் ஆகாது. கழற்றிய ஓடும் பனந்தீராந்தியும் கதவு நிலையும் எண்ணிப் பதியப்படல் வேண்டும். தொல்பொருட் சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்ட கட்டடமா என்பதையும் முன்னரே விசாரித்துக்கொள்வது நலம். பழைய கட்டடத்திலிருந்து அறிவையும் எடுத்துக்கொள்ளலாம்: உயர்ந்த கூரை, தடித்த சுவர், அகன்ற விறாந்தை ஆகியன மின்விசிறியில்லாத காலத்திலே பிள்ளைகளைக் குளிர்ச்சியாக வைத்திருந்தன. காணி கொடுத்தவர் பெயர் பொறித்த கல்லைப் புதுச் சுவரிலே பதிப்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. அதனால் ஊர் பாடசாலையோடு கொண்ட உறவு அறாது நிலைக்கும்.

திறப்பு விழாவுடன் வேலை முடிந்ததெனக் கருதுவதே பெருந்தவறு. ஆண்டுதோறும் மாரிக்கு முன்னர் பீலியைத் துப்புரவாக்கி, விலகிய ஓட்டை நேராக்கி, கறையான் புற்றைக் களைந்து, கண்டதைப் பதிவேட்டில் எழுதும் வழக்கத்தைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கைக்கொள்ளுமாயின், கட்டடத்தின் முதுமை மெல்லவே வரும். வந்தாலும் முன்னறிவித்தே வரும். புதுக் கட்டடம் எப்போது முடியும் என்று கேட்போர் பலர். இவ்வாண்டு 1ஆம் தரத்தில் சேர்ந்த பிள்ளை அதில் எத்தனை ஆண்டு படிக்கும் என்று கேட்பவர் சிலரே. அவ்வினாவுக்குத் திட்டத்தின் முதற் பக்கத்திலேயே விடை எழுதப்படுமாயின், ஏனைய பக்கங்கள் தாமே ஒழுங்காகும்.